சீ.ஆர்.பி. றிப்போர்ட்டை வைத்து மனச்சோர்வை அளக்காதீர்கள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் டிஸ்பென்சரி நடத்தும் குடும்ப வைத்தியர்களுக்கும், இரத்தப் பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கும் வணக்கம்.

களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வீட்டில் அண்மையில் ஒரு றிப்போர்ட்டைக் காட்டினார்கள். உடலில் அழற்சி (உள்வீக்கம்) இருக்கிறதா என்று பார்க்கும் சீ.ஆர்.பி. இரத்தப் பரிசோதனை அது; ஆறுக்குக் குறைவு, அதாவது கூடவில்லை என்று அடித்திருந்தது. அந்த வீட்டு மகளுக்கு மாதக்கணக்காகச் சாப்பாட்டில் மனமில்லை. விடியுமுன்னே முழித்துவிடுவாள், தலைகூட வாரமாட்டாள். அழற்சியால்தான் மனச்சோர்வு வருகிறது என்று யாரோ போனில் அனுப்பியதைப் பார்த்து, வீட்டாரே காசு கட்டி இரத்தம் கொடுத்திருக்கிறார்கள். முடிவைப் பார்த்த தகப்பன், "இரத்தத்தில ஒண்டும் இல்ல. சும்மாதான் படுத்துக் கிடக்கிறாள்" என்றார். அவள் அதைக் கேட்டுக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

இந்த மடலை எழுத வைத்தது அதுதான்.

உடலில் எங்காவது அழற்சி இருந்தால் ஈரல் சுரக்கும் புரதம் சீ.ஆர்.பி. எலிக்காய்ச்சலும் ஏற்றும், முரசு வீக்கமும் ஏற்றும், உடற்பருமனும் சிகரெட்டும் ஏற்றும். மனச்சோர்வு உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் அது லீற்றருக்கு 3 மில்லிகிராமைத் தாண்டுகிறது. மற்ற மூவரும் நடிக்கிறார்களா? அதோடு, ஆய்வுகளில் பேசப்படுவது 1, 3 என்ற சின்ன எண்கள். ஆறுக்குக் குறைவு என்று மட்டும் சொல்லும் சாதாரண பரிசோதனைக்கு அந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு நுண்ணுணர்வுச் சீ.ஆர்.பி. என்று வேறொன்று செய்யவேண்டும்.

ஆராய்ச்சியை நான் குறைத்துப் பேசவில்லை. ஈரல் அழற்சிக்கு, உடலில் அழற்சியைத் தூண்டும் இன்டர்பெரோன் ஊசி போட்டவர்களில் பலர் மனச்சோர்வில் விழுந்ததை வைத்தியர்கள் கண்ணால் கண்டார்கள். 2013இல் வந்த ஓர் ஆய்வில், மருந்துக்கு அசையாத மனச்சோர்வு உள்ள 60 பேரில் ஒரு பகுதியினருக்கு அழற்சியை அடக்கும் இன்ஃபிளிக்ஸிமாப் மருந்தையும், மற்றவர்களுக்கு ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத போலி மருந்தையும் கொடுத்துப் பார்த்தார்கள். மொத்தத்தில் வித்தியாசமில்லை; சீ.ஆர்.பி. 5க்கு மேல் இருந்தவர்களிடம் மட்டும் பலன் தென்பட்டது. அடுத்த வருடம் வந்த இன்னொன்றில், மனச்சோர்வுக் குளிசைகளில் சீ.ஆர்.பி. 1க்குக் குறைந்தவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமும் கூடியவர்களுக்கு நோர்ட்ரிப்டிலினும் நன்றாக வேலை செய்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கம் சாயவில்லை. இந்த எண்ணைப் பார்த்து மருந்து எழுதும் காலம் இன்னும் வரவில்லை.

டொக்டர்மாரே, மனச்சோர்வைக் கண்டுபிடிக்க இரத்தம் தேவையில்லை. இரண்டு கிழமையாக மனம் விழுந்து கிடக்கிறதா, எதிலும் பிடிப்பில்லையா, தூக்கம் எப்படி, சாகும் எண்ணம் வருகிறதா என்று கேட்டால் போதும். டிஸ்பென்சரியில் கூட்டம் நிற்கும், தெரியும். இருந்தாலும் கேளுங்கள். மனச்சோர்வுக் குளிசையைச் சரியான அளவில் ஆறு கிழமை போட்டும் தெளியாதவர்களை அப்படியே விடாமல் உடம்பையும் பாருங்கள்: தைரொயிட், இரத்தசோகை, சீனி, பல், மூட்டு. அங்கேதான் சீ.ஆர்.பி.க்கும் ஓர் இடம் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இது எனக்குப் பெரிய பயம். "அழற்சியைக் குறைக்க" என்று சனம் பாமசியில் டைக்குளோபெனக் என்ற நோவுக் குளிசையை வாங்கித் தாங்களாகப் போடுகிறது. எஸ்சிட்டலோபிராம் வகைக் குளிசையோடு அது சேர்ந்தால் வயிற்றில் இரத்தம் கசியும் ஆபத்துக் கூடும். மருந்து எழுதும்போதே இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஆய்வுகூடக்காரரே, மனச்சோர்வுக்கென்று கேட்டு வருபவரிடம் காசை வாங்கமுன், இந்தப் பரிசோதனை அந்த நோய் உண்டா இல்லையா என்று சொல்லாது என ஒரு வார்த்தை சொல்லுங்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் எடுக்கலாம். இந்த இரண்டையும் எழுதி உங்கள் கவுண்டரில் ஒட்டி வையுங்கள்.