மூன்றடித் தொட்டிக்கு எந்தக் கடல் மீன்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் கடல் மீன் வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றடித் தொட்டியில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் கடையில் மீனின் விலையைத்தான் எழுதி வைக்கிறார்கள். அது எவ்வளவு பெரிதாகும், என்ன தின்னும் என்று எழுதுவதில்லை. மீன்கள் சாவது பெரும்பாலும் இந்த இரண்டும் தெரியாததால்தான்.

மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்குக்கு 190 லிட்டர். கல்லும் மணலும் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் சுமார் 150 லிட்டர்தான் தண்ணீர் நிற்கும். நன்னீர்த் தொட்டிக் கணக்கு இதற்குப் பொருந்தாது. உப்புநீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், பிஎச் 8.2 என்ற அளவில் மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். ஆகவே வளர்ந்தபின்னும் 10 செ.மீ.யைத் தாண்டாத மீன்களாக ஐந்து. அதற்கு மேல் வேண்டாம்.

அந்த ஐந்தில் இரண்டு ஒசெல்லாரிஸ் க்ளவுன் மீன்களாக இருக்கட்டும். ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வாங்க வேண்டும். பெரியது பெண்ணாகும், சிறியது ஆணாக நிற்கும். ஒரே அளவில் வாங்கினால் யார் பெரியவர் என்று சண்டைதான். சிறியது பெரியதன் முன்னே உடம்பைச் சாய்த்துப் படபடவென்று நடுங்கினால் பயப்பட வேண்டாம். அது பணிந்துபோகும் அடையாளம், ஜோடி சேர்ந்துவிட்டது. கடலில் இவை அண்டி வாழும் கடல் சாமந்தி (அனிமோன் என்ற உயிரினம்) இல்லாமலே இவை நன்றாக வாழும். சாமந்திக்குப் பலமான விளக்கும் நன்கு பழகிய, அதாவது கழிவைச் சமாளிக்கும் பாக்டீரியா பெருகிய தொட்டியும் வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்கள் அதைத் தொடவே வேண்டாம். மெரூன் க்ளவுன் என்று கொடுத்தால் வாங்காதீர்கள். அது பெரிதாகும், முரட்டுத்தனமும் அதிகம்.

கூடவே ஒரு ஃபயர்ஃபிஷ், ஒரு மஞ்சள் வாட்ச்மேன் கோபி, ஒரு பங்காய் கார்டினல். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளி வெளியே விழும், தொட்டிக்கு வலை மூடி கட்டாயம். விடும் வரிசையும் முக்கியம். பயந்த சுபாவமுள்ள ஃபயர்ஃபிஷ் முதலில், இடம் பிடித்துக்கொள்ளும் க்ளவுன் கடைசியில். ஒவ்வொன்றுக்கும் நடுவே இரண்டு மூன்று வாரம் விட்டால்தான் பாக்டீரியா பெருகிக் கூடுதல் கழிவைச் சமாளிக்கும்.

வாங்கக் கூடாதவற்றில் முதலாவது, கார்ட்டூன் படம் பார்த்துப் பிள்ளைகள் கேட்கும் நீல டாங். கடையில் இரண்டு விரல் அகலம்தான் இருக்கும். வளர்ந்தால் 30 செ.மீ. ஆறடித் தொட்டிக்குக் குறைந்து அதை வைப்பது கொடுமை. மாண்டரின் மீன் சிறியதுதான், ஆனால் நாள் முழுக்கக் கல்லில் ஊரும் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் கோப்பிபாட் உயிர்களையே பொறுக்கித் தின்னும். புதிய தொட்டியில் அவை தீர்ந்துபோகும். வயிறு உள்வாங்கி, சில வாரங்களில் பட்டினியால் சாகும். டோமினோ டாம்செல் மலிவு என்பதால் "தொட்டி பழக இதை முதலில் போடுங்கள்" என்கிறார்கள். பழகியபின் அது வேறு எதையும் வாழவிடாது. பிடிப்பதற்குக் கல் முழுவதையும் வெளியே எடுக்க வேண்டும். ஒரு துண்டு இறாலைப் போட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஏறிப் பின் பூஜ்யத்துக்கு இறங்கும்வரை நான்கு முதல் ஆறு வாரம் காத்திருந்தால் மீனே இல்லாமல் தொட்டி பழகிவிடும்.

கடல் குதிரையும் பவளமும் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ளவை. நம் கடலில் எடுத்ததை யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது.

நம் ஊர் மே மாதத்தில் தொட்டி நீர் 31, 32 டிகிரிக்குப் போய்விடும். மீனுக்கு 25 முதல் 27 வரைதான் நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சின்ன விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். அப்போது தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்ததை உப்பில்லாத ஆர்ஓ நீரால்தான் நிரப்ப வேண்டும். உப்புநீரையே ஊற்றினால் அடர்த்தி கடல்நீரின் அளவான 1.025-ஐத் தாண்டிக்கொண்டே போகும்.

வாங்கும்முன் கடைக்காரரை இரை போடச் சொல்லிப் பாருங்கள். தின்னாத மீன், மூச்சு வாங்கும் மீன், முதுகு மெலிந்த மீன் எத்தனை அழகானாலும் வேண்டாம். வாங்கியதை 40 லிட்டர் தனித் தொட்டியில் நான்கு வாரம் வையுங்கள். வெண்புள்ளி நோய் வந்தால் அங்கேயே தாமிர மருந்து கொடுக்கலாம். பெரிய தொட்டியில் கொடுத்தால் இறாலும் நத்தையும் செத்துவிடும்.

க்ளவுன் மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கும் முறை பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் நம் விஞ்ஞானிகள் கைவரப் பெற்றதுதான். பண்ணையில் பிறந்த மீன் உலர் இரைக்கு எளிதில் பழகும். ஆகவே கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விலைச் சீட்டிலேயே மீன் முழு வளர்ச்சியில் எத்தனை செ.மீ., என்ன தின்னும், பண்ணையில் பிறந்ததா கடலில் பிடித்ததா என்ற மூன்றையும் தமிழில் எழுதி ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
கடல் மீன் வளர்க்கும் வாசகர்,
சென்னை