காலாண்டு விடுமுறைக் கடிதம்: தேர்வு, கலைத் திருவிழா, அப்புறம் ஹெல்மெட்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு ஒருவழியாக முடிந்தது. விடைத்தாள்கள் பள்ளி திறந்ததும் கைக்கு வரும். கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புங்கள், மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மொத்தாதீர்கள். கலைத் திருவிழாவில் நம் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள், விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசுகள் வந்திருக்கின்றன, எல்லாருக்கும் பாராட்டுகள். பத்தாம் வகுப்புக்கு மாலைச் சிறப்பு வகுப்பு வழக்கம்போல நடக்கும். மாடிக் கழிப்பறைக் குழாயைச் சரிசெய்தாயிற்று.

சரி, நான் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை என்பது பாதிப் பேருக்கு இந்நேரம் புரிந்திருக்கும்.

பதினோராம் வகுப்புக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்ததிலிருந்து நம் சைக்கிள் ஸ்டாண்ட் நிரம்பி வழிகிறது. சைக்கிளில் வருகிறவர்கள் ஹெல்மெட் போட்டுத்தான் வர வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் உங்களை வைத்துக்கொண்டுதான் முடிவெடுத்தோம். பெரும்பாலானவர்கள் போடுகிறார்கள். சிலர் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வந்து கேட் தெரிந்ததும் தலையில் வைக்கிறார்கள், அதை உடற்கல்வி ஆசிரியர் பார்த்துக்கொள்வார். என் மேசைக்கு வந்தது வேறு. காக்ளியர் இம்ப்ளான்ட் (காது கேளாத பிள்ளைகளுக்குச் சத்தம் கேட்பதற்காக ஆபரேஷன் செய்து வைக்கும் கருவி) வைத்திருக்கும் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து, "காதில் மெஷின் இருப்பதால் ஹெல்மெட் அணிவதிலிருந்து விலக்கு அளிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று கடிதங்கள்.

யார் வீட்டுப் பிள்ளை என்று தயவுசெய்து விசாரிக்காதீர்கள். நம் பள்ளியில் ஒன்றுக்கு மேல் இருக்கிறார்கள், எல்லாரும் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் படிக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், வீட்டுப்பாடம் எழுதாமல் வருகிறார்கள். ஆனால் இதைத் தனியாக நாலு வீட்டுக்கு எழுதாமல் எல்லாருக்கும் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது, கீழே வரும்.

முதலில், கஷ்டம் உண்மையானது. ஹெல்மெட் போட்டால் மெஷின் கழன்றுவிடுகிறது என்று அந்தப் பெற்றோர் சொல்வது சாக்கு இல்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: காதுக்குப் பின்னால் மாட்டியிருப்பது பிராசசர், வெளியே இருக்கும் சத்தத்தை வாங்கி உள்ளே அனுப்பும் மெஷின். அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போகும்; அதன் முனையில் 'காயில்' (coil) என்கிற வட்டமான துண்டு காதுக்குச் சற்று மேலே பின்பக்கமாகத் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது வெறும் காந்தம்தான், தோலுக்கு அடியில் இருக்கும் கருவியிலும் ஒரு காந்தம் உண்டு. காயில் நகர்ந்த அந்த நொடியே சத்தம் மொத்தமாக நின்றுவிடும். ஹெல்மெட்டின் பின்பக்கத்தில் இறுக்குவதற்குத் திருகு வைத்த பட்டை ஒன்று வருகிறதே, அது பல பிள்ளைகளுக்குச் சரியாகக் காயில் இருக்கும் இடத்தில் போய் இடிக்கிறது. நாடிப் பட்டை காதைச் சுற்றி வரும்போது பிராசசரைத் தூக்குகிறது. லாரி வரும் ரோட்டில் பிள்ளைக்குத் திடீரென்று ஒன்றுமே கேட்காமல் போனால் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டார். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் ஹெல்மெட்டைக் கழற்றுவது இல்லை. தோலுக்கு அடியில், மண்டையோட்டின் மேல், ஒரு மின்னணுக் கருவி உட்கார்ந்திருக்கிறது. அதிலிருந்து உள்காது வரை எலக்ட்ரோடு என்கிற மெல்லிய மின்கம்பி போகிறது. மற்றப் பிள்ளை விழுந்து தலையில் அடிபட்டால் ஒரு பயம், இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு பயம். உள்ளே இருக்கும் கருவி அடிபட்டுப் பழுதானால் வெளியே ஒயர் மாற்றுவதுபோல மாற்ற முடியாது, மறுபடியும் ஆபரேஷன் தியேட்டர்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குள் ஆபரேஷன் செய்து, அப்புறம் மேப்பிங் (பிள்ளைக்குத் தக்கபடி கருவியைச் சரிசெய்வது), பேச்சுப் பயிற்சி என்று வருடக்கணக்கில் பஸ் ஏறி இறங்கி, பிள்ளையைப் பேச வைத்த குடும்பங்கள் நீங்கள். நீங்களே விலக்குக் கேட்டால் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது? போடமாட்டேன். கடிதங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு அப்பா விலக்குக் கேட்கவில்லை, அவரே வழி கண்டுபிடித்துவிட்டார். ஹெல்மெட் உள்ளே இருக்கும் தெர்மாகோலைக் காய் நறுக்கும் கத்தியால் ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாகக் குடைந்து, காயில் உட்காருமாறு குழி செய்து கொடுத்திருந்தார். பார்க்க அவ்வளவு நேர்த்தி, ஒரு பக்கம் மனதுக்குக் கஷ்டமாகவும் இருந்தது. ஐயா, அந்தத் தெர்மாகோல்தான் ஹெல்மெட். விழும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது, அதற்காகத்தான் அது இருக்கிறது. அதில் எங்கே குடைந்தாலும் காப்பது குறைகிறது, அதுவும் கருவி இருக்கும் இடத்துக்கு நேராகவே குடைந்தால்? அதைப் போட வேண்டாம் என்று வாங்கி வைத்துவிட்டோம், வேறு ஒன்று கொடுத்திருக்கிறோம். ஒருமுறை பலமாக அடிவாங்கிய ஹெல்மெட்டும் இப்படித்தான், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும், இது எல்லாப் பிள்ளைகளுக்கும்.

பிறகு என்னதான் செய்வது? வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்பாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் ஒரு மாணவியையும் அவள் அம்மாவையும் வைத்துக்கொண்டு ஒரு மாலை முழுக்கச் சைக்கிள் ஸ்டாண்டில் நின்று பார்த்தார்கள். பின்பக்கத் திருகு உள்ள ஹெல்மெட் ஒத்துவரவில்லை. பட்டை தாழ்வாக, பிடரிக்குக் கீழே போகும் இன்னொரு மாடல் ஒத்துவந்தது. உள்ளே ஒட்டியிருக்கும் சின்ன பஞ்சுத் துண்டுகள் பிய்த்து ஒட்டக்கூடியவை; காயில் பக்கத்தில் இருந்த ஒன்றை மட்டும் எடுத்ததும் இடம் கிடைத்துவிட்டது (பஞ்சை எடுக்கலாம், தெர்மாகோலைத் தொடக்கூடாது, இதை மட்டும் மறக்காதீர்கள்). நாடிப் பட்டை காதுக்குக் கீழே வந்து சேரும் இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கொக்கி இருக்கும், அதை இன்னும் கொஞ்சம் கீழே இறக்கியதும் பிராசசரை உரசுவது நின்றது. பிராசசரிலிருந்து சட்டைக் காலருக்கு ஒரு கிளிப் கயிறு, கழன்றாலும் ரோட்டில் விழாது.

இவ்வளவும் செய்து கடைசியில் இடித்தது எது தெரியுமா? நம் பள்ளியின் மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. ரிப்பன் முடிச்சு சரியாகக் காது மேல் வந்து நிற்கிறது, அதன் மேல் ஹெல்மெட் எப்படி உட்காரும்? ஆகவே இன்றிலிருந்து, சைக்கிளில் வரும் எந்த மாணவியும் தாழ்வாக ஒற்றைச் சடை போட்டு வரலாம். காக்ளியர் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சொன்னால் அது அவர்களை அடையாளம் காட்டும், அதனால் எல்லாருக்கும். வகுப்பாசிரியர்களிடம் சொல்லியாயிற்று, யாராவது திட்டினால் என்னிடம் வரட்டும்.

காலையில் நீங்கள் வீட்டில், மெஷின் சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலி சொல்லிப் பார்ப்பீர்கள் இல்லையா, அதையே ஹெல்மெட் மாட்டிய பிறகு பிள்ளையின் பின்னால் நின்று இன்னொரு முறை சொல்லுங்கள். பிள்ளை ஆறையும் திருப்பிச் சொன்னால் காயில் அதன் இடத்தில் இருக்கிறது. வழியில் சத்தம் நின்றால் உடனே இடது ஓரமாக இறங்கி நின்று சரிசெய்ய வேண்டும், ஓட்டிக்கொண்டே ஒரு கையால் தடவக்கூடாது என்று பழக்குங்கள். ஒரு காதில் மட்டும் இம்ப்ளான்ட் இருந்தால் ஹாரன் கேட்கும், எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பது சரியாகப் பிடிபடாது, ஆகவே ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடி மாட்டிக் கொடுங்கள். மழைக்காலம் வருகிறது, நனைந்தால் வீட்டுக்குப் போனதும் பிராசசரை ஈரம் உறிஞ்சும் டப்பாவில் வையுங்கள். விழுந்து, கருவி இருக்கும் இடம் வீங்கியிருந்தால் காயிலை ஒட்டாமல் நேராக டாக்டரிடம் காட்டுங்கள்.

பைக் ஹெல்மெட்டைச் சைக்கிளுக்குக் கொடுத்து அனுப்பாதீர்கள். கனம், வியர்வை, காதையும் மூடிவிடும், இழுத்து மாட்டும்போது மெஷினையும் சேர்த்து இழுக்கும்.

இப்போது மற்ற எல்லாருக்கும். காந்தத்தில் ஒட்டியிருக்கும் காயிலை விளையாட்டாகப் பிடுங்கிப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு வேடிக்கையாகிவிட்டது. ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தட்டி விடுவதும். இது கேலி இல்லை, ஒரு பிள்ளையின் காதை அடைப்பது. இனி யார் செய்தாலும் பெற்றோரோடு வந்த பிறகுதான் வகுப்புக்குள் விடுவேன், மார்க் எவ்வளவு என்று பார்க்கமாட்டேன். கூடவே இன்னொன்று: மோட்டார் வாகனச் சட்டப்படி பைக்கில் பின்னால் உட்காரும் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கும் ஹெல்மெட் உண்டு. தினமும் காலையில் கேட்டில் நின்று பார்க்கிறேன், மூன்று பேர் இறங்குகிறீர்கள், மூன்று தலையும் வெறுந்தலை. சைக்கிளுக்குச் சட்டம் இல்லாதபோதே பிள்ளைகள் போடுகிறார்கள், உங்களுக்குச் சட்டமே இருக்கிறது.

கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். ஹெல்மெட் வாங்க உதவிய முன்னாள் மாணவர்களுக்கும், விலக்குக் கடிதம் திரும்பி வந்த மறுநாளே பிள்ளையையும் ஹெல்மெட்டையும் கூட்டிக்கொண்டு வந்த அந்த அம்மாவுக்கும், வீட்டில் உட்கார்ந்து பொறுமையாகப் பட்டையைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் நன்றி. பள்ளி திறக்கும் நாளன்று மாலை நான்கரை மணிக்குச் சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு ஆசிரியர்களும் இருப்பார்கள். ஹெல்மெட் சரியாக உட்காரவில்லை என்றால், காக்ளியர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிள்ளையோடு வாருங்கள். டீ உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியர்