பழைய மென்பொருளுக்குப் புதிய கருவிகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

துறைமுகத்தை நம்பித் தொழில் நடத்தும் வடசென்னையின் சரக்கு முகவர் அலுவலகங்களிலும் லாரி புக்கிங் அலுவலகங்களிலும், பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பி.எச்.பி. என்னும் நிரல்மொழியில் எழுதிக் கொடுக்கப்பட்ட மென்பொருள்கள்தான் இன்றும் பில் போடுகின்றன. அவற்றைப் பராமரிப்பது என் தொழில். 'பழசாகிவிட்டது, புதிதாக எழுதிவிடலாம்' என்று சிறு முதலாளிகளைப் பெருஞ்செலவில் இழுத்துவிடும் வழக்கம் வேதனை தருவதால் இதை எழுதுகிறேன். பெரும்பாலான இடங்களில் மென்பொருள் ஒழுங்காகவே ஓடுகிறது. அதைத் திருத்திச் சர்வரில் ஏற்றும் முறைதான் சீர்கெட்டுக் கிடக்கிறது.

தண்டையார்பேட்டையில் ஓர் அலுவலகம். புதிதாகச் சேர்ந்த இளைஞர், மென்பொருளைத் தம் மடிக்கணினியில் ஓட வைக்கவே மூன்று நாள் போராடினார். நான்காம் நாள் ஒரே ஒரு வரித் திருத்தத்துக்காக முழு ஃபோல்டரையும், கோப்புகளைச் சர்வருக்கு அனுப்பும் ஃபைல்ஜில்லா வழியாக ஏற்றியபோது, சர்வரில் இருந்த கான்ஃபிக் கோப்பு (தரவுத்தள முகவரி, கடவுச்சொல் போன்றவை உள்ள கோப்பு) அழிந்து, அவருடைய கணினிக்கான கோப்பு அந்த இடத்தில் அமர்ந்துவிட்டது. சனிக்கிழமை மாலை பில் நின்றது. லாரிகள் வாசலில் வரிசை கட்டி நின்றன. 'பில்லிங் நியூ', 'பில்லிங் ஃபைனல்', 'பில்லிங் ஃபைனல் 2' என்று கிடந்தவற்றுள் சரியான பிரதி எது என்று கண்டறிய இரவு ஒரு மணி ஆயிற்று. அந்த இளைஞரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதன்பின், 2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இலவசக் கருவியும், நிரலில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைப்பதுமான கிட்டில் முழு நிரலையும் சேர்த்தோம். அதற்கு முன்பே கடவுச்சொற்களை நிரலிலிருந்து வெளியே எடுத்து, அந்தந்தக் கணினியின் என்விரான்மென்ட் வேரியபிள்களில் வைத்தோம். ஒருமுறை கிட்டுக்குள் போன கடவுச்சொல், பிறகு அழித்தாலும் வரலாற்றில் தங்கிவிடும். அடுத்து, எந்தப் பி.எச்.பி. பதிப்பு, எந்த எக்ஸ்டென்ஷன்கள், எந்த மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் என்பதையெல்லாம், மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பெட்டிபோல் கட்டி ஓட்டும் கருவியான டாக்கரின் கோப்புகளில் எழுதி அதே ஃபோல்டரில் வைத்தோம். இப்போது ஒரே கட்டளையில் எந்தக் கணினியிலும் மென்பொருள் எழுந்து நிற்கிறது. சர்வரில் ஏற்றுவதையும் ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய சிறு கோப்பு) பார்த்துக்கொள்கிறது. தவறு நேர்ந்தால் முந்தைய பதிப்புக்குத் திரும்பச் சில நிமிடங்கள் போதும். தரவுத்தள முகவரியைப் படிக்கும் சில வரிகளைத் தவிர, பில் போடும் நிரலில் நாங்கள் கைவைக்கவே இல்லை.

இதில் எச்சரிக்கையும் தேவை. பழைய பதிப்பான பி.எச்.பி. 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பருடன் நின்றுவிட்டன. அதை டாக்கருக்குள் வைத்துவிட்டால் ஓட்டைகள் அடைபட்டுவிடா. ஆனால், புதிய பதிப்பை உண்மையான தரவைத் தொடாமல் தனியே ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று நிதானமாகத் திருத்த இந்த ஏற்பாடு வழி தருகிறது. நான்கு ஜிபி நினைவகமே உள்ள பழைய கணினிகளில் டாக்கர் திணறும் என்பதால், அத்தகைய அலுவலகங்கள் கிட்டையும் ஸ்கிரிப்டையும் மட்டுமாவது முதலில் கொண்டுவரலாம்.

எங்கள் பகுதிக் கல்லூரிகளிலிருந்து வரும் பிள்ளைகள் இறுதியாண்டு புராஜெக்ட்டாகப் புதிய மென்பொருளையே எழுதி வருகிறார்கள்; வேலையிலோ முதல் நாளே அவர்கள் கைக்கு வருவது பிறர் எழுதிய பழைய நிரல். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருளை எடுத்து, அதற்குக் கிட், டாக்கர், தானியங்கிச் சோதனை ஆகியவற்றைப் பொருத்துவதையும் புராஜெக்ட்டாக ஏற்க வேண்டும் என்று கல்லூரிகளைத் தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அதற்குத் தம் பழைய மென்பொருளின் பிரதியை, வாடிக்கையாளர் விவரங்களை நீக்கிவிட்டு, மாணவர்களுக்குத் தர இங்குள்ள சிறு நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
மென்பொருள் பராமரிப்பாளர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.