அம்மாவின் செருப்பை உள்ளே எடுத்து வைத்தவர்களுக்கு

அன்புக்குரிய கூபர் பீடி சபையாருக்கு,

ஆங்கிலத்தில் ஒரு கடிதம் ஏற்கெனவே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஆனாலும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை. "தமிழிலும் எழுது. அவர்களுக்குப் படிக்கத் தெரியாவிட்டால் என்ன? நம்முடைய ஆட்கள் நாலு பேர் படித்துத் தெரிந்துகொள்ளட்டும்" என்றார்கள். அதனால் இந்த மடல். சபையின் பெயரையும் உங்கள் பெயர்களையும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டீர்கள், போடவில்லை. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் ஓபல் என்னும் ரத்தினக் கல் தோண்டும் ஊர் உங்களுடையது. பாறையைக் குடைந்து அமைத்த ஆலயங்கள் அங்கே ஒன்றுக்கு மேல் உண்டு. அவற்றில் ஒன்று என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. ஜனவரி மாதம், அடிலெய்டிலிருந்து ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு வீடு மாறிக்கொண்டிருந்தோம். ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். என் மனைவி அங்கே செவிலியராகச் செவ்வாய்க்கிழமை வேலையில் சேர வேண்டும். காருக்குப் பின்னால் ஒற்றை அச்சு டிரெய்லர். ஒரு வாரத்துக்கு முன்தான் பழையதாக வாங்கியது. கட்டில், ஃபிரிட்ஜ், கிரைண்டர், மகளின் சைக்கிள் எல்லாம் அதில். கிறிஸ்துமஸுக்காகத் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்திருந்த அம்மாவும் எங்களுடன் இருந்தார்கள்.

சனிக்கிழமை இரவு கிளெண்டாம்போவில் தங்கினோம். அங்கிருந்து கூபர் பீடிக்கு 254 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது, கடை கிடையாது. இருட்டில் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் வெயில் ஏறிய பிறகே புறப்பட்டோம். அம்மாவுக்கு ஒரே கவலைதான். "இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை உண்டா?" என்று கேட்டார்கள். வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அறுபது வருடமாக ஞாயிறு ஆராதனையைத் தவறவிடாதவர்களிடம் அப்படிச் சொல்வது சரியான பதில் இல்லை என்று அப்போதே தெரியும்.

ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது காரிலிருந்த இருவழி வானொலி பேசியது. நெடுஞ்சாலையில் லாரிக்காரர்கள் பேசிக்கொள்ளும் 40ஆம் அலைவரிசை. "முன்னால் டிரெய்லரோடு போகும் வெள்ளைக் கார், உங்கள் இடது சக்கரத்தில் புகை வருகிறது, நிறுத்துங்கள்." எங்களுக்குப் பின்னால் ஒரு ரோடு டிரெயின் வந்துகொண்டிருந்தது. பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் லாரி அது, ஐம்பது மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி. அதை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஆனால் கடந்து போகும்போதே அந்த ஓட்டுநர் மூன்று செய்திகளைச் சொன்னார். சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு விரிசல் விடும். தானாக ஆறவிடுங்கள். பிறகு மெதுவாக ஊருக்குள் போய்விடலாம். "எனக்குப் பின்னால் வருபவனிடமும் சொல்லிவிட்டேன், அவன் உங்களைப் பார்த்துக்கொள்வான்" என்றார். சொன்னபடியே கால் மணி நேரத்தில் அடுத்த வண்டி வேகத்தைக் குறைத்து, நலமா என்று கேட்டுவிட்டுப் போனது. ஐயா, உங்கள் முகத்தை நான் பார்க்கவில்லை. உங்கள் குரல் மட்டும்தான் தெரியும். முதல் நன்றி உங்களுக்கு.

கருகிய கிரீஸின் வாடை மூக்கைவிட்டுப் போகவில்லை. நாற்பது நிமிடம் ஆறவிட்டு, கூபர் பீடிக்குள் ஊர்ந்து வந்தோம். ஞாயிறு காலை. பட்டறைகள் எல்லாம் மூடியிருந்தன. தெருவில் ஆள் இல்லை. வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஐந்தாறு வண்டிகள் நின்றன. குன்றின் பக்கவாட்டில் ஒரு கதவு; அதன் மேல் ஒரு சிலுவை.

டிரெய்லர் இழுத்தவர்களுக்குத் தெரியும், அறியாத இடத்துக்குள் நுழைய எவ்வளவு தயக்கம் என்று. உள்ளே போனால் திருப்ப முடியுமா, பின்னால் எடுக்க முடியுமா, யாருடைய வண்டியையாவது இடித்துவிடுவோமா என்ற யோசனையிலேயே எத்தனையோ வாசல்களைக் கடந்து போய்விடுவோம். நானும் கடந்து போயிருப்பேன். அதற்குள் கதவைத் திறந்துகொண்டு உங்களில் ஒருவர் வெளியே வந்தார். எங்களை ஒரு முறை பார்த்தார். சக்கரத்தை ஒரு முறை பார்த்தார். யார், எவர், எந்த ஊர் என்று எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய் இன்னும் இரண்டு பேரை அழைத்து வந்தார். மூன்று பேரும் தங்கள் வண்டிகளை எடுத்துத் தெருவுக்கு, வெயிலுக்குக் கொண்டு போனார்கள். குன்றின் நிழலில் இருந்த இடம் முழுவதும் எங்களுக்கு.

பிறகு அவர் என் ஜன்னலருகே வந்து நின்று, "ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரும் அந்தப் பக்கம் போகும்" என்றார். இத்தனை நாளும் எனக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. குரலை உயர்த்தாமல், கையை ஆட்டி அவசரப்படுத்தாமல், ஒரு சாண் ஒரு சாணாக உள்ளே வரவழைத்தார். ஐயா, இப்போது பின்னால் எடுக்கும் ஒவ்வொரு முறையும் என் கை தானாக அடிப்பகுதிக்குப் போகிறது.

ஆராதனை தொடங்கியிருந்தது. அம்மா வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் ஆலயத்துக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. மற்ற எல்லோருடைய காலிலும் ஷூ இருந்தது. நான் சொல்வதற்குள் அம்மா உள்ளே போய்விட்டார்கள். நாங்களும் கழற்றிவிட்டுப் பின்னால் போனோம்.

உள்ளே ஒன்பது பேர். வெளியே அனல், உள்ளே மின்விசிறிகூடத் தேவைப்படாத இதம். சுவரெல்லாம் வெளிர் சிவப்பும் மஞ்சளும் கலந்த கல். குடைந்த இயந்திரத்தின் பற்கள் வளைவு வளைவாகப் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. அன்று போதகர் இல்லை, சபையாரில் மூத்தவர் ஒருவரே ஆராதனையை நடத்தினார். பரமண்டல ஜெபம் வந்தபோது அம்மா தமிழில் சொன்னார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனால் கல்லைக் குடைந்த அறைக்குள் எந்தக் குரலும் மறையாது. ஆங்கிலத்தில் நீங்கள் எல்லோரும் முடித்துவிட்டீர்கள். அம்மா இன்னும் "எங்களைச் சோதனைக்குட்படப்பண்ணாமல்" என்ற இடத்தில்தான் இருந்தார்கள். நடத்தியவர் அடுத்த பகுதிக்குப் போகவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகத்தின் தாளைக்கூட யாரும் புரட்டவில்லை. அம்மா ஆமென் சொன்ன பிறகு, நீங்கள் எல்லோரும் இன்னொரு முறை ஆமென் சொன்னீர்கள்.

அம்மா அதை இங்கே வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆராதனை முடிந்து திரும்பினால், எங்கள் நான்கு ஜோடிச் செருப்பும் கதவுக்கு உட்புறம், சுவரோரமாக வரிசையாக இருந்தன. வெயிலில் கிடந்தால் கால் வைக்க முடியாதபடி சுட்டுவிடும் என்று, கடைசி இருக்கையில் இருந்த அம்மையார் பாட்டின் நடுவில் எழுந்து போய் எடுத்து வந்திருக்கிறார். முன்பின் அறியாத ஒருவர் தங்கள் செருப்பைக் கையால் தொட்டார் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் பதறிப் போவார்கள். அம்மாவும் பதறினார்கள். அவருடைய இரு கைகளையும் பிடித்துக்கொண்டு தமிழில் ஏதேதோ சொன்னார்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். நான் மொழிபெயர்க்கப் போனேன். இருவருமே என்னைக் கண்டுகொள்ளவில்லை. அம்மையாரே, அம்மா அன்று சொன்னது இதுதான்: "என் மருமகள்கூட இதைச் செய்ய நான் விட்டதில்லை."

தேநீரும் ரொட்டியும் வந்தன. அம்மா பையிலிருந்து தூத்துக்குடி மக்ரூன் டப்பாவை எடுத்துத் திறந்தார்கள். முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் மட்டுமே என்று சொன்னதும் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு ஒன்றுகூட வந்து சேரவில்லை. அதில் அம்மாவுக்குத் தனிப் பெருமை.

இனி, டிரெய்லரைச் சரிசெய்து தந்த பெரியவருக்கு. ஐயா, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். ஐம்பது வருடம் ஓபல் தோண்டிய கை உங்களுடையது. இரண்டு தெரு தள்ளியிருந்த உங்கள் குகை வீட்டின் முகப்பு நிழலுக்கு டிரெய்லரைக் கொண்டுவரச் சொன்னீர்கள். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றி, தூசி மூடியைத் தட்டி எடுத்து, ஸ்பிளிட் பின்னை உருவி, நட்டைத் திருகி, சக்கரத்தைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பை இழுத்தபோது, அதனுள் இருந்த பேரிங்கின் உருளைகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன. கிரீஸ் இருந்த இடத்தில் கறுத்த பொடி. அச்சுத் தண்டை விரலால் தடவிப் பார்த்து, "இது தப்பித்தது" என்றீர்கள். பழைய டிரெய்லர் வாங்கினால் முதல் வேலையாகச் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும், பிறகு 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை அல்லது வருடத்துக்கு ஒரு முறை கிரீஸ் மாற்ற வேண்டும் என்று சொன்னீர்கள். கண்டிக்கிற தொனி அதில் இல்லை.

உங்களிடம் புதிய பேரிங் செட் ஒன்று இருந்தது. ஆனால் அது ஃபோர்டு வகை, எஸ்.எல். எங்களுடைய அச்சு ஹோல்டன் வகை, எல்.எம். பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அளவு வேறு. கருவியை வைத்து அளந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் எழுந்து போனீர்கள். திரும்பி வந்தபோது உங்கள் சொந்த டிரெய்லரின் ஹப் உங்கள் கையில் இருந்தது. வேண்டாம் என்றேன். "என் டிரெய்லர் இந்த மாதம் எங்கும் போகவில்லை, உன் மனைவிக்குச் செவ்வாய்க்கிழமை வேலை" என்றீர்கள்.

அதோடு விட்டிருந்தாலும் காலத்துக்கும் நன்றி சொல்லியிருப்பேன். நீங்கள் விடவில்லை. அந்த ஹப்பிலிருந்த பேரிங்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிரீஸ் டப்பாவை என் முன்னால் வைத்து, "நீ செய். அடுத்த 690 கிலோமீட்டரில் நான் இருக்க மாட்டேன்" என்றீர்கள். உள்ளங்கையில் கிரீஸ் உருண்டையை வைத்து, பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் குத்திக் குத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடுக்கு வழியாக மறுபக்கம் கிரீஸ் புழுப்புழுவாக எட்டிப் பார்க்கும். அப்படி வந்தால்தான் உள்ளே நிறைந்தது என்று அர்த்தம். முதல் பேரிங்குக்கு இருபது நிமிடம் பிடித்தது எனக்கு. நீங்கள் பக்கத்தில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, 1915இல் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் இங்கே ஓபல் கண்டெடுத்ததையும், முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய வீரர்கள்தான் பதுங்குகுழிப் பழக்கத்தில் மண்ணுக்குள் குடியிருக்கத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுவதையும், இந்த மண்ணின் பூர்வகுடிகள் 'வெள்ளைக்காரன் குழி' என்ற பொருளில் வைத்த 'கூபா பிட்டி'தான் ஊர்ப் பெயராயிற்று என்பதையும் என் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். என் கை வேலையையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கடைசியில் நட்டை இறுக்கி, சக்கரத்தைச் சுழற்றி, மறுபடி ஒரு துளை அளவுக்குத் தளர்த்திப் பின்னைப் போட்டேன். சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டிப் பார்த்தீர்கள். தலையை மட்டும் அசைத்தீர்கள்.

பணம் நீட்டியதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். மன்னியுங்கள். புறப்படும்போது, "நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை நிறுத்தி, புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பார். வெதுவெதுப்பு இருந்தால் போதும். கையை எடுக்க வைத்தால் ஓட்டாதே" என்றீர்கள். அன்றிரவு உங்கள் வீட்டிலேயே படுத்து, திங்கள் காலை கிளம்பினோம். காட்னி, மார்லா, குல்கெரா, எர்ல்டுண்டா, எல்லா இடத்திலும் நிறுத்தினோம். நான் தொட்டுப் பார்த்த பிறகு அம்மாவும் வந்து குனிந்து தொட்டார்கள். எர்ல்டுண்டாவில், "காய்ச்சல் விட்ட பிள்ளையின் நெற்றி மாதிரி இருக்கிறது, போகலாம்" என்றார்கள். திங்கள் பொழுது சாயும் முன் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வந்து சேர்ந்தோம். செவ்வாய்க்கிழமை என் மனைவி வேலையில் சேர்ந்துவிட்டாள்.

புதிய ஹப் ஒன்றும், எல்.எம். பேரிங் இரண்டு செட்டும், ஆயில் சீலும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன் ஐயா. ஒரு செட் உங்களுக்கு. இன்னொன்றை உங்கள் அலமாரியில் அந்த எஸ்.எல். செட்டுக்குப் பக்கத்தில் வைத்திருங்கள், எங்களைப்போல் யாராவது வருவார்கள்.

அம்மா மார்ச் கடைசியில் ஊருக்குத் திரும்புகிறார்கள். அடிலெய்டுக்குக் காரிலேயே அழைத்துப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் ஊரில் இருக்கும்படி நாளைக் குறித்துவிட்டார்கள். முந்திரியும் வாங்கியாயிற்று. இந்த முறை நீங்கள் யாரும் வண்டியை வெயிலுக்கு எடுக்க வேண்டாம், டிரெய்லர் இல்லாமல்தான் வருகிறோம்.

மாறாத நன்றியுடன்,
நாசரேத் அம்மா, மகன், மருமகள், பேத்தி
ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்