‘இறங்கும் போட்டிதானே?’

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இணைப்பில் குளிர்கால ஒலிம்பிக் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2022 பெய்ஜிங் போட்டியில், ஆண்கள் டவுன்ஹில் பனிச்சறுக்கில் பிரான்சு வீரர் யோஹான் கிளாரே 41 வயதில் வெள்ளிப் பதக்கம் வாங்கியதைச் சொல்லிவிட்டு, உங்கள் கட்டுரையாளர் அடுத்த வரியில் இப்படி எழுதியிருக்கிறார்: “இதில் வியக்க அதிகமில்லை. இது மலை ஏறும் போட்டியல்ல, இறங்கும் போட்டிதானே?”

அந்தத் ‘தானே’ என்னை மூன்று நாளாகத் தூங்க விடவில்லை.

நான் குன்னூர்க்காரன். மேட்டுப்பாளையம் – ஊட்டி மலைப்பாதையில் 27 வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். ஏறுவதற்கு இன்ஜினில் தெம்பு இருந்தால் போதும், வண்டி முனகிக்கொண்டே ஏறிவிடும். நின்றுபோனால்கூட சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு இறங்கி நிற்கலாம். இறக்கத்தில் அப்படி இல்லை. அறுபது பேரின் எடையும் சேர்ந்து பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் லைனிங் சூடேறி, கருகிய வாடை வரும். அந்த வாடை வந்த பிறகு கும்பிட்டுப் பயனில்லை. “எந்த கியர்ல ஏறினியோ அந்த கியர்லயே இறங்கு” என்று எனக்கு வேலை பழக்கிய பெரியவர் முதல் நாளே சொன்னார். ஐப்பசி மழையில், மரப்பாலம் பக்கம் மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனியில், பயணிகள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எத்தனையோ இரவு கல்லாருக்கு இறங்கியிருக்கிறேன்.

ஊட்டியிலிருந்து மசினகுடி போகும் கல்லட்டி மலைப்பாதை உங்களுக்குத் தெரியாததல்ல. 36 கொண்டை ஊசி வளைவு. அங்கே வெளியூர் வண்டிகளை மேலே ஏற விடுகிறார்கள், கீழே இறங்க விடுவதில்லை. ஏன் என்று உங்கள் கட்டுரையாளர் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். எங்கள் மலை ரயிலில் பெட்டிக்கொரு பிரேக்ஸ்மேன் நிற்கிறாரே, அவரையும் நினைத்துப் பார்த்திருக்கலாம். அந்த ஏற்பாடெல்லாம் இறக்கத்துக்குப் பயந்து செய்தது.

சரி, அந்தப் போட்டிக்கு வருகிறேன். என் தம்பி மெட்ராஸ் ரெஜிமெண்டில் இருந்தவன். குல்மார்க்கில் ராணுவப் பயிற்சியில் பனிச்சறுக்குப் பழகியவன். அந்தப் பந்தயத்தை அவன் போனில் இரண்டு பேரும் சேர்ந்து பார்த்தோம். பிப்ரவரி 6 அன்று நடக்க வேண்டியது, காற்று பலமாக அடித்ததால் ஒரு நாள் தள்ளிப்போய் 7 அன்று நடந்தது. மூன்று கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாதை, கிட்டத்தட்ட 900 மீட்டர் இறக்கம். ஊட்டிக்கும் குன்னூருக்கும் உள்ள உயர வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நான் பேருந்தில் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும் இறக்கத்தைப் போல இரண்டு பங்கை இவர்கள் இரண்டு நிமிடம்கூட ஆகாமல் இறங்குகிறார்கள். காலில் இரண்டு நீளப் பலகை, கையில் இரண்டு கழி, தலையில் ஹெல்மெட். வேறு எதுவும் கிடையாது.

அங்கே பனியும் மெஷினில் செய்த பனிதான். பஞ்சு மாதிரி இருக்காது, இறுகிச் சிமெண்டுத் தரை மாதிரி கிடக்கும் என்றான் தம்பி. “அண்ணா, இதுல பிரேக்னு ஒண்ணு கிடையாது. திருப்பினாத்தான் வேகம் குறையும். திருப்பினா நேரம் போயிடும்” என்றான். அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒவ்வொரு வளைவிலும் எவ்வளவு வேகத்தை விட்டுக்கொடுப்பது என்பதைக் கண் இமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டும். என் வேலையும் அதுதான். எனக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தீர்மானிக்க அவகாசம் இருந்தது, அவர்களுக்கு 120, 130-ல் இல்லை.

நட்ட கழிகளைச் சுற்றி வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலோம் போட்டியில் இரண்டு முறை இறங்கி நேரத்தைக் கூட்டிக்கொள்வார்கள். டவுன்ஹில்லில் ஒரே ஒரு முறை. சுவிட்சர்லாந்தின் பேயட் ஃபாய்ட்ஸ் தங்கம் வாங்கினார். முழங்காலில் பலமுறை கத்தி வைத்துக்கொண்ட மனிதர் அவர். கிளாரே அவருக்குப் பின்னால் 0.10 விநாடி. மூன்றாவதாக வந்த ஆஸ்திரியாவின் மத்தியாஸ் மேயர் 0.16 விநாடி. 2014-ல் சோச்சியில் இதே போட்டியில் தங்கம் வாங்கியவர் மேயர். அப்பேர்ப்பட்டவரை 41 வயதுக்காரர் முந்தினார். அந்த வயதில், மலைச்சரிவில் இறங்கும் ‘ஆல்பைன்’ பனிச்சறுக்கில் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர் அதற்குமுன் யாருமில்லை. 2013-ல் சுவிட்சர்லாந்தின் வெங்கன் பந்தயத்தில் மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகம் தொட்டவரும் இதே கிளாரேதான். இத்தனை வருடம் அந்த வேகத்தில் போய்வந்து, பயம் என்னவென்று நன்றாகத் தெரிந்தும், 41 வயதில் மறுபடி மேலே போய் நிற்கிறாரே, அதில் வியக்க ஒன்றுமில்லையா?

1998 நகானோ ஒலிம்பிக்கில், இதே டவுன்ஹில்லில், ஆஸ்திரியாவின் இன்னொரு மேயர், ஹெர்மன் மேயர் விழுந்த விதத்தையும் தம்பி காட்டினான். மனிதர் காற்றில் பறந்து, தடுப்பு வலைகளை உடைத்துக்கொண்டு போய் விழுகிறார். மூன்று நாள் கழித்து வேறொரு பந்தயத்தில் தங்கம் வாங்குகிறார். அதே காட்சியை நான்கு தடவை போடச் சொன்னேன். என் மனைவி பார்க்க மாட்டேன் என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது எழுத உட்கார்ந்ததால், மனதில் கிடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் டிசம்பர், ஜனவரியில் உங்கள் நாளிதழில் ‘ஊட்டியில் பனிப்பொழிவு’, ‘மினி காஷ்மீரான நீலகிரி’ என்று தலைப்பு வருகிறது. எங்கள் ஊரில் வானத்திலிருந்து பனி கொட்டுவதில்லை ஐயா. மேகமில்லாத இரவில் தரை குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் புல்லின் மேல் உறைந்து வெள்ளையாகப் படிகிறது. அதற்கு உறைபனி என்று அழகான தமிழ்ச் சொல் இருக்கிறது. தலைகுந்தாவில் விடியற்காலை போனால் பார்க்கலாம், வெயில் ஏறினால் காணாமல் போய்விடும். உங்களுக்கு அது சுற்றுலாச் செய்தி. கால் ஏக்கர், அரை ஏக்கர் தேயிலை வைத்திருப்பவனுக்குக் கொழுந்தெல்லாம் கருகிப்போன செய்தி. ஒரு ஜனவரியில் திருநெல்வேலிக் குடும்பம் ஒன்று மேட்டுப்பாளையத்தில் என் வண்டியில் ஏறியது. உங்கள் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினார்களாம். சின்னப் பையன் புதுக் கையுறை போட்டுக்கொண்டு, “மாமா, அங்க பனியில சறுக்கலாமா?” என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். மறுநாள் இறங்கும்போதும் என் வண்டிதான். அவன் என்னிடம் பேசவில்லை.

இன்னொன்று. பல வருடத்துக்கு முன் என்னோடு வேலை செய்த ஒருவரின் வண்டி இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனது. அவர் பள்ளத்தின் பக்கம் விடாமல், மலைப்பக்கம் ஒடித்து மண்மேட்டில் மோதி நிறுத்தினார். அவருக்குக் கால் முறிந்தது, பயணிகளுக்குச் சிராய்ப்போடு போனது. மறுநாள் உங்கள் தலைப்பு: ‘டிரைவரின் அலட்சியத்தால் விபத்து’. பிறகு விசாரணையில், ஏர் பைப் வெடித்திருந்தது தெரியவந்தது. அது உங்களுக்குச் செய்தியாகவில்லை. அப்போதே ஒரு கடிதம் எழுதினேன், வெளிவரவில்லை. அவர் இப்போது இல்லை. அந்தச் செய்தி வந்த தாளை அவர் மனைவி இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார்.

அதே பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போனது ஒரே ஒருவர்தான், காஷ்மீரின் ஆரிஃப் கான். ஸ்லாலோமிலேயே வளைவுகள் தள்ளித் தள்ளி வரும் ஜெயன்ட் ஸ்லாலோமில், நிஜப் பனி கொட்டிக்கொண்டிருந்த நாளில், பல பேர் விழுந்து வெளியேறிய பந்தயத்தை முழுதாக முடித்து 45-ஆம் இடம் வந்தார். உங்கள் கட்டுரையில் அவருக்குக் கிடைத்தது ‘இந்தியாவுக்குப் பதக்கம் இல்லை’ என்ற மூன்று வார்த்தை. 1964-லேயே இன்ஸ்புரூக்கில் ஜெரமி புஜகோவ்ஸ்கி இந்தியாவுக்காக ஆல்பைன் பனிச்சறுக்கில் இறங்கியிருக்கிறார். அவர் பெயரே இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதிய இடத்தில் இவர்களுக்கு நான்கு வரி இல்லாமல் போனது எனக்கு வருத்தம்.

கடைசியாக, நான் கேட்க வந்தது. கட்டுரைக்குக் கீழே கட்டத்துக்குள் ஃபாய்ட்ஸின் நேரத்தை ‘1 மணி 42 நிமிடம்’ என்று அச்சிட்டிருக்கிறீர்கள். அது 1 நிமிடம் 42.69 விநாடி. ஒன்றே முக்கால் மணி நேரம் ஆற அமர நடந்து இறங்கினார்கள் என்று நம்பித்தான் கட்டுரையாளர் அந்த வரியை எழுதினாரோ என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. அவர் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, பகை இல்லை. அவர் குன்னூர் வந்தால், எனக்குத் தெரிந்த டிரைவர் தம்பிகளிடம் சொல்லி முன் சீட்டில் உட்கார வைத்து மேட்டுப்பாளையம் வரை அனுப்பி வைக்கிறேன்.

அந்த நேரத்தை மட்டும் திருத்தி, வரும் ஞாயிறு இணைப்பில் ஒரு வரி போடுங்கள். மூலையில் போட்டாலும் சரி, நான் தேடிப் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர்,
குன்னூர், நீலகிரி.