ஆண்டறிக்கை 2024-25: காடு பாதுகாப்புச் சங்கம், அரூர் வட்டாரம்

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும்.

செயற்குழு 5 முறை கூடியது. சுதந்திர தினத்தன்று கொடியேற்றினோம். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி நடந்தது. மரம் நடு விழாவில் புங்கனும் வேம்பும் நட்டோம், பாதி பிழைத்தது.

இனி உண்ணிச்செடி, அதாவது காட்டில் புதராய் மண்டும் லாண்டானா. முந்தின ஆண்டு அரிவாளால் வெட்டினோம். இரண்டு மழையில் இடுப்பளவு துளிர்த்துவிட்டது. கூலி கொடுத்து வளர்த்த மாதிரி ஆயிற்று. வேரின் கழுத்தை மண்ணுக்குக் கீழே வெட்டிச் செடியைத் தலைகீழாகக் கவிழ்த்தால்தான் மறுபடி துளிர்க்காது என்று நான் சொன்னபோது குழுவில் சிலர் சிரித்தார்கள். சரி, அது போகட்டும்.

டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியது, அரூரிலும் 33. அதே ஆண்டு ஏப்ரலில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியிருந்தது. இப்படிக் கொட்டுகிற மழையில் உண்ணி மதமதவென்று ஏறும். அடுத்து வரும் வெயிலில் காய்ந்து விறகாகும். தரையில் பிடித்த தீ அதைப் பிடித்துக்கொண்டு மரத்தின் உச்சிக்குப் போகும். அதனால் வனத்துறை அனுமதியோடு, மண் ஈரம் காயும் முன் ஜனவரியில் கடப்பாரையோடு இறங்கினோம். மரம் நடு விழாவில் போட்டோவுக்கு நின்றவர்கள் 60 பேர். உண்ணி பிடுங்க வந்தவர்கள் 11, அதில் 4 பேர் பெண்கள். மதியச் சோறும் அவர்கள் வீட்டிலிருந்துதான் வந்தது.

மார்ச்சில் தீ வந்தது. பிடுங்கிய சரிவில் புல்லோடு புகைந்து அடங்கியது. பிடுங்காத பக்கம் நெல்லி மரங்கள் கருகி நிற்கின்றன. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். பிடுங்கிய இடத்துக்கு மாடு ஓட்டிப் போகிறவர்களில் சிலர் இன்னும் சந்தா கட்டவில்லை.

கணக்கு: வரவும் செலவும் ஏறத்தாழச் சரி. கையிருப்பு சொற்பம். நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது.

வனத்துறை ஊழியர்களுக்கும், டிராக்டர் தந்தவருக்கும், பந்தல்காரருக்கும் நன்றி.

பறவை எச்சத்தில் விதை வந்து விழுந்துகொண்டேதான் இருக்கும். பிடுங்கிய இடத்தை இன்னும் 2, 3 வருடம் பார்க்க வேண்டும். வேறு யாராவது செயலாளராக வந்தால் சந்தோஷமாகச் சாவியைக் கொடுத்துவிடுவேன். சங்கத்தில் கடப்பாரை 4தான் இருக்கிறது. வீட்டில் சும்மா கிடப்பது இருந்தால் ஜனவரிக்குள் கொண்டுவந்து வைக்கவும், கூடவே ஓர் ஆளும்.

இப்படிக்கு,
செயலாளர்