இரண்டு லேனில் காகிதம் தொங்கட்டும்

மதிப்பிற்குரிய நம் ரைபிள் கிளப் நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். நான் பதினோரு வருட உறுப்பினன். செவ்வாய், வியாழன், ஞாயிறு மாலைகளில் கடைசி லேனில் 10 மீட்டர் ஏர் ரைபிளோடு நிற்பவன். மெடல் எதுவும் வாங்கியதில்லை. மாவட்டப் போட்டியில் ஒரே ஒருமுறை ஐந்தாம் இடம், அதுவும் நன்றாகச் சுடுகிற இரண்டு பேர் அன்றைக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டதால்.

போன மாதம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். பத்து லேனும், குண்டு பட்ட இடத்தின் மார்க்கைத் திரையில் காட்டும் எலக்ட்ரானிக் டார்கெட்டுக்கு மாறுகிறது. மணிக்கணக்கில் பணம் கட்டும் முறை இனி இல்லை. கோச்சிங்கையும் சேர்த்து ஒரே மாதக் கட்டணம். இதுவரை எனக்கு மாதம் 1,200 ரூபாய் ஆனது, இனி 3,000 ஆகும். சரி, கரண்ட் பில்லும் வாடகையும் உங்களுக்கும்தான் ஏறியிருக்கிறது. 2022 செப்டம்பரில் மின்கட்டணத்தை உயர்த்தியதையும் 2024 ஜூலையில் மறுபடி ஏற்றியதையும் என் வீட்டு அட்டையிலேயே பார்த்தேன். அதனால் இது கட்டணத்தைக் குறைக்கச் சொல்லும் கடிதம் இல்லை. எங்களைப் போன்றவர்கள் குறைந்த செலவில் சுடுவதற்கு ஒரு வழியை மூடாமல் விட்டுவையுங்கள் என்று கேட்கிற கடிதம்.

என் வீட்டில் மாதக் கணக்கு நோட்டை மனைவிதான் எழுதுகிறாள். இந்தப் பொழுதுபோக்கு அதில் ‘இதர’ என்ற தலைப்பின் கீழ், சலூனுக்கும் கல்யாண மொய்க்கும் நடுவில் வரும். பல வருடம் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2025-ல் தேங்காய் எண்ணெய் விலை ஏறிய ஏற்றத்தில்தான் முதல்முறையாக அந்த வரியில் பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். திட்டவில்லை. “மொய்யைக் குறைக்க முடியாதுங்க” என்றாள், அவ்வளவுதான். ஸ்கூல் வேன், வீட்டு வாடகை, லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோல், இவை எதையும் நாங்கள் குறைக்க முடியாது. குறைக்கக்கூடியது ‘இதர’ ஒன்றுதான்.

வெளியில் இருப்பவர்கள் துப்பாக்கி விலையைக் கேட்டுத்தான் வாயைப் பிளக்கிறார்கள். அது ஒருமுறைச் செலவு. என்னுடையதுகூட, இன்ஜினியரிங் சேர்ந்ததும் சுடுவதை விட்டுவிட்ட ஒரு பையனிடம் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஜாக்கெட்டும் அவனுடையதுதான், கை நீளம் இன்னும் ஒரு விரற்கடை அதிகம். ஆளைக் கொல்வது ஓடுகிற செலவு. ஒரு மேட்ச் என்றால் 60 குண்டு, அதற்குமுன் குறியைச் சரிபார்க்கச் சுடும் சைட்டர் பதினைந்து வைத்தால் 75. வாரம் மூன்று நாள் என்றால் மாதத்துக்குத் தொள்ளாயிரத்துக்கு மேல். அதாவது ஐந்நூறு பெல்லட் (ஏர் ரைபிள் குண்டு) உள்ள டப்பா இரண்டு. நாம் போடுவது ஜெர்மன் மேட்ச் பெல்லட். 2022 செப்டம்பரில் ஒரு யூரோ 80 ரூபாய் அளவில் இருந்தது, 2025-ல் நூறைத் தாண்டிவிட்டது. ஜெர்மனிக்காரன் விலையை ஒரு காசு ஏற்றாவிட்டாலும் நமக்குக் கால்பங்கு கூடிவிடுகிறது. அதற்குமேல் இறக்குமதி வரி, கூரியர். பெயர்பெற்ற வீரர்களுக்கு வரிச்சலுகை உண்டு. கடைசி லேன்காரனுக்கு ஏது?

இப்போது மாதம் ஒரு டப்பாவோடு நிறுத்திக்கொண்டேன். ஒரு நாளுக்கு நாற்பது குண்டுகூட வராது. இதில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு பெல்லட் இரண்டு ரூபாய்க்கு மேல் என்று மனதில் பதிந்ததும் சுடுவதே கெட்டுப்போயிற்று. ஏர் ரைபிளில் பத்து மார்க் என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குறி நிலைத்த சில நொடிகளுக்குள் ட்ரிகர் போய்விட வேண்டும். பத்து நொடியைத் தாண்டினால் கண் ஏமாற்றும், தோள் நடுங்கும், துப்பாக்கியை இறக்கிவிட்டு மறுபடி தொடங்குவதுதான் முறை. நானோ, இந்த இரண்டு ரூபாயை வீணாக்கிவிடக் கூடாதே என்று இறக்காமல் பிடித்துக்கொண்டே இருந்து, கடைசியில் எட்டில் விடுவேன். காசைக் கண்ணில் வைத்துக்கொண்டு குறி பார்க்க முடியாது என்று அப்போதுதான் புரிந்தது.

பிறகு வீட்டிலேயே ட்ரை ஃபயரிங் ஆரம்பித்தேன். காலண்டர் அட்டையில் மார்க்கர் புள்ளி, குண்டு போடாத துப்பாக்கி, இருபது நிமிடம். செலவே இல்லை, துப்பாக்கியை ஆடாமல் பிடிக்கும் ஹோல்டும் தேறிவிட்டது. (எதிர் வீட்டுப் பாட்டி ஒருநாள் ஜன்னல் வழியே பார்த்துவிட்டதால் திரைச்சீலைக்கு மட்டும் செலவானது.) ஆனால் ட்ரை என்பது குழம்பைக் கொதிக்கவிட்டு வாசனை பிடிப்பது மாதிரி. கடைசியில் இலையில் உட்கார்ந்து சாப்பிட ரேஞ்சுக்குத்தான் வரவேண்டும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதலில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் ஸ்வப்னில் குசாலேயும் வெண்கலம் வாங்கியபிறகு நம் கிளப்பில் பிள்ளைகள் கூட்டம் கூடியது எனக்குச் சந்தோஷம்தான். கடலூரில் பிறந்த ஏர் ரைபிள் வீராங்கனை இளவேனில் வாலறிவனின் படத்தை வாசலில் மாட்டியபோது ஆணி அடித்தவன் நான். பிள்ளைகளுக்கு எலக்ட்ரானிக் டார்கெட் வேண்டும், கோச் வேண்டும், அதற்குக் கட்டணமும் நியாயம். ஆனால் குசாலே ரயில்வேயில் டிக்கெட் கலெக்டராக வேலை பார்த்தவர் என்று நோட்டீசில் பெருமையாக அச்சடித்துவிட்டு, அதே சம்பளக்காரன் மாலை ஏழு மணிக்கு வந்து நின்றால் கோச்சிங் பேக்கேஜ் எடு என்பது எனக்கு ஒட்டவில்லை. எனக்குக் கோச் சொல்லிக்கொடுப்பதற்கு இனி எதுவும் இல்லை என்று அவரே ஒருமுறை சொல்லியிருக்கிறார். பாராட்டாகச் சொன்னாரா, கைவிட்டுச் சொன்னாரா என்று நான் கேட்கவில்லை.

ஆகவே, ஒன்பதாவது, பத்தாவது லேன்களை மட்டும் காகித டார்கெட் அட்டைக்கு விட்டுவிடுங்கள். அட்டையை இழுத்துவரும் பழைய கைச்சுற்றுக் கம்பிகள் ஸ்டோர் ரூமில் அப்படியே கிடக்கின்றன. எண்ணெய் போட்டால் அட்டை ஓடிவரும், அதை நானும் என் பக்கத்து லேன்காரரும் ஒரு ஞாயிறில் முடித்துவிடுகிறோம். அட்டைக்கான காசை நாங்களே தருகிறோம், லேனுக்கு மணிக்கணக்கில் கட்டுகிறோம். மார்க் 10.3-ஆ 10.4-ஆ என்று திரை சொல்லாவிட்டால் எங்களுக்கு நஷ்டமில்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு குண்டுக்கும் மார்க்கைக் காட்டாமல் இருந்தாலே நான் நன்றாகச் சுடுவேன்.

அடுத்தது பெல்லட். ஆளுக்கு ஒரு டப்பா என்று தனித்தனியாக ஆன்லைனில் வாங்கி ஆளுக்கு ஒரு கூரியர் கட்டுகிறோம். கிளப் பெயரில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பெட்டியாக வாங்கி அடக்க விலைக்குக் கொடுங்கள். முன்பணம் தரத் தயாராகப் பதினான்கு பேர் இருக்கிறோம், பட்டியல் இணைத்திருக்கிறேன். என் பேரலுக்கு 4.50 மில்லிமீட்டர் பெல்லட் ஒத்துவரும், பக்கத்தில் இருப்பவருக்கு 4.49. அவரவர் அளவையும் எழுதியிருக்கிறோம், எனவே வாங்கிய பிறகு சண்டை வராது.

பதிலைச் சீக்கிரம் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. என் ரைபிளின் காற்று சிலிண்டருக்கு வரும் மார்ச்சில் பத்து வருடம் முடிகிறது. அதன்பின் அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்ப நீங்களே அனுமதிக்க மாட்டீர்கள், அனுமதிக்கவும் கூடாது. புதுசு இருபதாயிரத்துக்குக் குறையாது. அந்தப் பணத்தை நோட்டில் எழுதச் சொல்வதா, இல்லை ரைபிளையே யாராவது ஒரு பையனுக்கு விற்றுவிடுவதா என்று பிப்ரவரிக்குள் வீட்டில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
பத்தாவது லேன், மாலை நேர உறுப்பினன்